முதுகுக்குப் பின்னால் ஓர் ஊர்!

திருவண்ணாமலையில் வேலூர் பஸ் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் கொடுத்த மீதிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் வேங்கிக்கால் வந்துவிடும். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஊர். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், திங்கட்கிழமை மனு என்று மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது வந்து, கால் கடுக்க நின்றுவிட்டுப் போன ஊர். ஆனால், 'வேங்கிக்காலைப் பார்க்கணும்' என்று ஆசைப்பட்டு யாராவது கிளம்பி வந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை.

இத்தனைக்கும் அங்கே ஓர் ஏரி இருக்கிறது. மலைக்கு வடகிழக்குப் பக்கம் என்பதால், சாயங்காலம் சூரியன் மலைப் பக்கமாகச் சரியும். மலை கறுத்துப் போய் நிற்க, தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரத்துக்கு வெளிச்சத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் கரையோரம் பைக்கை நிறுத்திவிட்டு, செல்போனைத் தூக்கிப் பிடிக்கிற பையன்கள் நாலு பேராவது இருப்பார்கள். கொக்கு, எருமை, எதிரே டீக்கடை பாய்லரிலிருந்து கிளம்புகிற ஆவி எல்லாம் போனுக்குள் போய்விடும். வீட்டுக்குப் போய்ப் பார்த்து, 'நம்ம ஊரா இது!' என்று அவர்களே ஆச்சரியப்படுவார்கள்.

சரி, உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. 1975-ல் வேங்கிக்கால் எப்படி இருந்தது? ஒரு போட்டோ காட்டுங்கள், பார்க்கலாம்!

அண்ணாமலையார் கோயில் கோபுரத்துக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய போட்டோ வேண்டுமென்றால் தேடினால் கிடைக்கும். மலைக்கும் கிடைக்கும். கலெக்டர் ஆபீஸ் வருவதற்கு முன்னால் வேங்கிக்காலில் நாற்று நட்டவர்களும், ஏரியில் துணி துவைத்தவர்களும், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களும் இருந்தார்களே... அவர்கள் எங்கே? எந்த கெஜட்டிலும் இல்லை, எந்த மியூசியத்திலும் இல்லை. இருந்தால் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டிக்குள், பிசுபிசுத்துப்போன ஆல்பத்தில் இருக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆயிற்று? கொஞ்சம் பின்னால் போகவேண்டும். நூற்றெழுபது வருஷம்!

லின்னேயஸ் ட்ரைப் என்று ஒரு வெள்ளைக்காரர். இங்கிலாந்தில் 1822-ல் பிறந்து, பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பட்டாளத்தில் சேர்ந்தவர். அவர் சேர்ந்த அதே 1839-ல்தான் பாரிஸில் டாகேர் என்பவரின் போட்டோ எடுக்கும் வித்தை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. ட்ரைப், லீவில் ஊருக்குப் போன இடத்தில் அந்த வித்தையில் மாட்டிக்கொண்டார். திரும்பி வந்தவர், 1854 கடைசியில் பேலூருக்கும் ஹளேபீடுக்கும் போய்க் கோயில் கோயிலாகப் படம் எடுத்துத் தள்ளினார். யாரும் போகச் சொல்லவில்லை, சம்பளமும் இல்லை. சொந்த ஆசை!

அந்தப் படங்களை 1855-ல் மதராஸில் நடந்த கண்காட்சியில் வைத்தார்கள். மெடல் கிடைத்தது. 'நம்ம பட்டாளத்து ஆளே இப்படி எடுக்கிறாரே' என்று கம்பெனிக்கு உறைத்தது. மறு வருஷமே மதராஸ் மாகாண அரசாங்கத்தின் அதிகாரபூர்வ போட்டோகிராபர் ஆகிவிட்டார் ட்ரைப். அதே காலத்தில், மதராஸ் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் முன்னால் நின்று, இங்கே ஒரு போட்டோகிராபி சங்கமும் ஆரம்பித்தார்கள். சங்கத்தில் இருந்தவர்களில் பலர் டாக்டர்கள், பட்டாளத்துக்காரர்கள், அதிகாரிகள். தொழில்முறை போட்டோகிராபர்கள் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு ஆளே குறைவு!

1857 டிசம்பரில், வடக்கே சிப்பாய்க் கலகத்தின் நெருப்பு இன்னும் அணையாத நேரத்தில், ட்ரைப் தெற்கே புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சில மாதங்களில் சுற்றிவந்தார். மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ். ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்கில் கேமராவைத் திறந்து வைக்கவேண்டும். நம் வெயிலில் அந்த மெழுகை வைத்துக்கொண்டு மனுஷர் பட்ட பாட்டை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சாதித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டுகளை, 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றைக்கு செல்போனைப் பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றி 'பனோரமா' எடுக்கிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா அது!

அவர் எடுத்த மதுரைப் படங்களைப் பாருங்கள். எங்கேயாவது பார்க்கக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். நிழல், தூண், கோபுரம், குளம் எல்லாம் கத்தி மாதிரி கூர்மை. அழகோ அழகு. ஆனால், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் வயிற்றில் ஏதோ செய்யும். ஏன் என்று உடனே தெரியாது. பிறகுதான் பிடிபடும்.

ஆளே இல்லை!

மீனாட்சியம்மன் கோயில் பக்கம் ஈ, காக்கா இல்லாமல் ஒரு நாள் இருந்திருக்குமா? பூக்காரி, பண்டாரம், பிச்சைக்காரர், ஆடு, மாடு எல்லோரும் அங்கேதான் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் நடந்தார்கள். நிமிஷக்கணக்கில் திறந்திருக்கிற கேமராவுக்கு முன்னால் யார் நடந்தாலும், அவர்கள் புகை மாதிரி கரைந்துபோவார்கள். கல் அசையாது, அதனால் கல் நின்றது. சில படங்களில் அசையாமல் உட்கார்ந்த ஒருவர் இருவர் தப்பிப் பிழைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தக் காகித நெகட்டிவில் வானம் சரியாகப் பதியாது, வெறிச்சென்று வெள்ளையாகிவிடும். அது ட்ரைப்புக்குப் பிடிக்கவில்லை. நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டினார்! மரத்துக்கு இலைகூடச் சேர்த்தார். மேகத்தைத் திருப்பிக் கொடுத்தவருக்குப் பூக்காரியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்குக் கொடுத்த வேலை கட்டடங்களைப் பதிவு செய்வது. நம் ஊரின் முதல் பெரிய போட்டோ கணக்கெடுப்பில் நாம் விட்டுப்போனது அப்படித்தான்.

திருவண்ணாமலைக்கு அந்தத் தொகுப்புகளில் இடம் கிடைக்கவில்லை. வேங்கிக்காலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

1859-ல் சார்லஸ் ட்ரெவெல்யன் மதராஸ் கவர்னராக வந்தார். கணக்கைப் பார்த்தார். 'இந்த நிதி நிலைமையில் இப்படியொரு ஆடம்பரம் கட்டுப்படியாகாது' என்கிற ரீதியில் ஒரு குறிப்பு எழுதினார். 1860-ல் கடை மூடப்பட்டது. கலை ரசிகர்கள் ட்ரெவெல்யனைத் திட்டுவார்கள். பி.காம். படித்த எனக்கு அவர்மேல் பெரிய கோபம் வரவில்லை. கலகத்தை அடக்கிய செலவில் கஜானா துடைத்து வைத்த மாதிரி இருக்கும்போது, எந்த கவர்னரும் முதலில் கைவைக்கிற செலவு அதுதான். ட்ரைப் பட்டாளத்துக்கே திரும்பினார். அதன் பிறகு அவர் எடுத்த படங்கள் சொற்பம்.

அடுத்து வருகிறவரைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் போனால், இது ஒரு இனிப்பான கதையாக முடிந்துவிடும்.

வில்லவ்பி வாலஸ் ஹூப்பர். இவரும் மதராஸ் பட்டாளம்தான், குதிரைப்படை. இவருக்கும் கேமரா பிழைப்பில்லை, பிரியம்தான். இப்போது தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது, கண்ணாடித் தகட்டில் சில விநாடிகளில் படம் விழும். அதாவது, மனுஷர்கள் கேமராவுக்குள் வரமுடிகிற காலம் வந்துவிட்டது.

எந்த நேரத்தில் வந்தார்கள் தெரியுமா? 1876 முதல் 78 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில். வட ஆற்காடு, சேலம், பெல்லாரி என்று மாகாணமே சுருண்டது. ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். இந்தப் பஞ்சத்தில்தான் ஹூப்பர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து, பெரியவர்கள் பின்னால், குழந்தைகள் முன்னால் என்று, கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரியே வரிசைப்படுத்தி எடுத்தார். அந்தப் படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தப் படங்களால் லண்டனில் பஞ்சத்தின் கோரம் தெரிந்தது என்று வாதிடலாம். வாதம் சரியாகவும் இருக்கலாம். ஆனால், நிற்கமுடியாதவனை 'கொஞ்சம் இப்படித் திரும்பி உட்கார்' என்று சொல்லி, தகட்டைச் செருகி, மூடியைத் திறந்த அந்த மனசு என்ன மனசு? 1886-ல் பர்மாவில் அது அம்பலமாயிற்று. மாண்டலேயில் மரண தண்டனைக் கைதிகளைச் சுவரோரம் நிறுத்திச் சுடும்போது, குண்டு பாய்கிற அந்தக் கணத்தைப் பிடிக்கவேண்டும் என்று கேமராவோடு காத்திருந்தார் ஹூப்பர். விஷயம் லண்டன் பத்திரிகைக்குப் போய் நாறியது. விசாரணை நடந்து, கண்டனம் கிடைத்தது. 

'அமெச்சூர்' என்ற சொல் 'நேசிப்பவன்' என்ற அர்த்தத்தில் பிறந்தது என்பார்கள். நமக்கு அது நாடகம் வழியாகப் பழகிய சொல். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபாவைத் தொடங்கி, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் காசு வாங்காமல் வேஷம் கட்டியபோது ஊரே அதிசயித்தது. காசுக்காகச் செய்யாதது உசத்தி என்று நமக்கு ஓர் எண்ணம் உண்டு. ஹூப்பரும் காசுக்காகச் செய்யவில்லை. அவர் நேசித்தது கேமராவை. கேமராவுக்கு எதிரே இருந்தவர்களை அல்ல.

இந்தச் சமாசாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி திருவண்ணாமலைக்கு வருவோம்.

இடையில் 1888-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடக்' என்று ஒரு பெட்டியை விற்கத் தொடங்கினார். நூறு படம் எடுத்துவிட்டுப் பெட்டியோடு அனுப்பினால், கழுவிப் பிரிண்ட் போட்டு, புது ஃபிலிம் மாட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விலை 25 டாலர். 1900-ல் ஒரே ஒரு டாலருக்கு 'பிரவ்னி' வந்தது. குழந்தைகூட எடுக்கலாம். கேமரா, பட்டாளத்து ஆபீசர் கையிலிருந்து குடும்பஸ்தன் கைக்கு வந்த கதை இவ்வளவுதான். நம் பக்கம் அது வந்து சேர இன்னும் வெகுகாலம் ஆனது என்பது வேறு விஷயம்.

திருவண்ணாமலையில் 1930-களிலும் 40-களிலும் கேமராக்காரர்கள் தேடி வந்தது ரமணரை. பெங்களூரிலிருந்து வெல்லிங் என்ற ஸ்டூடியோக்காரர் வந்து 1946-ல் எடுத்த மார்பளவுப் படம்தான் இன்றைக்குக் காலண்டர் முதல் கார் டேஷ்போர்டு வரை இருக்கிறது. அது கைதேர்ந்த தொழில்காரரின் படம். நான் சொல்லவந்தது இன்னொருவரை. டி.என்.கிருஷ்ணசாமி. மதராஸில் டாக்டர். தொழில், நாடி பிடிப்பது. கேமரா பிடிப்பது பொழுதுபோக்கு. ஆசிரமத்துக்கு அடிக்கடி வருவார், படம் எடுப்பார். இன்றைக்கு நாம் பார்க்கிற ரமணர் படங்களில் கணிசமானவை இந்த டாக்டர் எடுத்தவை.

ஆசிரமத்து ஆல்பங்களைப் புரட்டினால் ஒரு விஷயம் கவனத்துக்கு வரும். கண்ணை மூடித் தியானம் செய்கிற 'சாமியார் போஸ்' அங்கே குறைவு. கோவணம் கட்டிய ஒரு வயசானவர் கைத்தடியும் கமண்டலமுமாக நடந்து போகிறார். பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார். லட்சுமி என்ற பசுவின் பக்கத்தில் நிற்கிறார். பின்னால் யாரோ எதையோ தூக்கிக்கொண்டு போகிறார்கள். எதுவுமே நடக்காத படங்கள்! பக்தி இருக்கிறதோ இல்லையோ, ஒரு கிராமத்துக் காலை நேரம் அந்தப் படங்களில் பத்திரமாக இருக்கிறது. திரும்பத் திரும்ப வருகிற ஆள் என்பதால், ஒரு கட்டத்துக்குமேல் டாக்டரின் கேமராவை அங்கே யாரும் ஒரு பொருட்டாக நினைத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். படத்தில் இருப்பவர்கள் விறைத்துப் போகாததைப் பார்த்து ஊகிக்கிறேன்.

1950 ஏப்ரலில், ரமணர் புற்றுநோயோடு இருந்த கடைசி நாட்களில், திருவண்ணாமலைக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து தங்கினார். கையில் லைக்கா கேமரா. அதன் பளபளப்பு யார் கண்ணிலும் படக்கூடாது என்று கறுப்பு டேப் ஒட்டி மறைத்து வைத்திருக்கிற பழக்கம் அவருக்கு. ஹென்றி கார்ட்டியே பிரஸ்ஸான்! இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த போட்டோகிராபர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் வரியில் வருகிற பெயர். 1948 ஜனவரி 30-ல் காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்னால் அவரைச் சந்தித்துவிட்டு வந்தவர். 'மேக்னம்' என்ற உலகப் புகழ்பெற்ற போட்டோ நிறுவனத்தை 1947-ல் தொடங்கியவர்களில் ஒருவர். அப்பேர்ப்பட்டவர், தான் இன்னமும் ஓர் அமெச்சூர்தான் என்று 1952-ல் தன் புத்தகத்திலேயே எழுதினார். அடக்கத்துக்காகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்.

ஏப்ரல் 14, இரவு. கார்ட்டியே பிரஸ்ஸான், தங்கியிருந்த வீட்டு வாசலில் இருந்தார். வானத்தில் வால் நீண்ட ஒரு வெளிச்சம் மெதுவாகக் கடந்து மலைப் பக்கம் மறைந்தது. உடனே மணி பார்த்தார்: 8.47. ஆசிரமத்துக்கு ஓடினால், அந்த நிமிஷத்தில்தான் ரமணர் உயிர் பிரிந்திருந்தது. எரிகல்லா, எதேச்சையா, வேறு எதுவுமா என்று உங்கள் நம்பிக்கைக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு. கேமராவும் கையுமாகவே வாழ்ந்த அந்த மனுஷர், அந்தக் கணத்தில் பார்த்தது கைக்கடிகாரத்தை!

'கேட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும்' என்று சட்டம் போட்டால் கார்ட்டியே பிரஸ்ஸானின் படங்களில் பாதிக்கு மேல் தேறாது. அவர் கேட்கமாட்டார். பூனை மாதிரி வருவார், எடுப்பார், போய்விடுவார். ஆனால், அவர் யாரையும் 'இப்படித் திரும்பு' என்றும் சொல்லவில்லை. ஹூப்பருக்கும் அவருக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கிறது. அவரையும் மதராஸ் டாக்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்... கலை விமர்சகர்கள் என்னை அடிக்க வரலாம், எனக்கு டாக்டரின் படங்கள்தான் பிடிக்கும். முன்னவர் படத்தில் அவருடைய கண் தெரிகிறது. டாக்டரின் படத்தில் எதிரே இருப்பவர் தெரிகிறார்.

இந்த ஜாதியில் இன்னொருவரையும் சொல்லியாகவேண்டும். மா.கிருஷ்ணன். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். காட்டு யானைகளை இவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் புகழ்பெற்றவை. ஏதேதோ கேமராக்களின் உதிரி பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவைக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார்! 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை, 46 வருஷம், கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் பத்தி எழுதினார். நடுவில் தமிழில் ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதினார். அது இருக்கட்டும். யானைக்கும் புலிக்கும் கொடுத்த அதே மரியாதையைக் காக்காய்க்கும் அணிலுக்கும் பல்லிக்கும் கொடுத்தார் என்பதுதான் விசேஷம். காட்டுக்குப் போகமுடியாதவர்கள் கொல்லைப்புறத்தைப் பார்த்தாலே போதும் என்கிற கட்சி. மயிலாப்பூர்க் காக்காயை ஒருவர் இத்தனை வருஷம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்றால், வேங்கிக்கால் ஏரிக் கொக்கு என்ன பாவம் செய்தது?

நம் வீடுகளுக்கு வருவோம்.

நம் தாத்தா, பாட்டிக்கு போட்டோ என்றால் ஸ்டூடியோதான். கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், கடைசியில் சாத்திவைத்த பிணத்தோடும் ஒன்று. பின்னால் திரையில் வரைந்த தாஜ்மகால், பக்கத்தில் கனெக்‌ஷன் இல்லாத டெலிபோன், பிளாஸ்டிக் பூ. எல்லோரும் சிப்பாய் மாதிரி விறைத்து நிற்பார்கள். இந்தப் படங்களும் சரித்திரம்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடித் தேடி ஆயிரக்கணக்கில் டிஜிட்டல் ஆக்கி வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால், ஸ்டூடியோ படத்தில் ஊர் கிடையாது. திரையைத் தொங்கவிட்டு ஊரை மறைத்துவிடுகிறார்களே!

ஊர் உள்ளே வந்தது, வீட்டுக்கு ஒரு கேமரா வரத் தொடங்கியபோது. அக்ஃபா க்ளிக் 3 உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கறுப்புப் பெட்டி, பரோடாவில் தயாரானது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். கறுப்பு வெள்ளை ஃபிலிம் நம் ஊட்டியிலேயே தயாரானது. 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு கம்பெனி, 'இந்து' என்ற பெயரில் விற்றது. டிஜிட்டல் வந்து அடித்துப்போட்டதில் அந்தக் கம்பெனியே இன்று இல்லை. உலகத்துக்கே ஃபிலிம் விற்ற கோடக், 2012-ல் திவால் மனு போட்டதை நினைத்தால் ஊட்டிக்காரர்களை என்ன சொல்வது?

போளூரில் என் பெரியப்பா ஒருவரிடம் க்ளிக் 3 இருந்தது. பன்னிரண்டில் பதினொன்றைப் பொங்கல், மொட்டை, காது குத்து என்று குடும்பத்துக்குச் செலவழிப்பார். பன்னிரண்டாவது மிஞ்சும். அதை எடுத்து முடித்தால்தானே ரோலைக் கழுவக் கொடுக்கலாம்! கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார். எது கண்ணில் பட்டதோ அதை எடுப்பார். சைக்கிள் கடை பெஞ்சு. அடிபம்பில் வரிசை போட்ட குடங்கள். நனைந்துகொண்டு நிற்கிற ஒரு கழுதை. 'ஃபிலிமை வீணாக்கிட்டார்' என்று பெரியம்மா திட்டுவார்.

வணிகவியல் பாஷையில் சொன்னால், அது கழித்துக்கட்டுகிற ஸ்டாக். இன்றைக்கு அந்த ஆல்பத்தை யார் புரட்டினாலும் பதினொன்றைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாவதில்தான் நிற்கிறோம். மொட்டை போட்ட குழந்தை யார் என்பதில் சண்டை வருகிறது. அந்த அடிபம்பு எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பம்பு இருந்த இடத்தில் இப்போது ஏ.டி.எம். இருக்கிறது.

உங்கள் வீட்டு ஆல்பத்திலும் அந்த மாதிரி ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும், பாருங்கள். இல்லாவிட்டாலும் இன்னொரு வழி உண்டு. குரூப் போட்டோவில் முகங்களை விட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் பாருங்கள். ஓட்டு வீடு, வைக்கோல் போர், தேர்தல் சின்னம் வரைந்த சுவர், சினிமா போஸ்டர், தண்ணீர் நிரம்பிய ஏரி. எடுத்தவர் அதை எடுக்க நினைக்கவே இல்லை. தானாக வந்து மாட்டிக்கொண்டது. ட்ரைப் கேமராவில் நாம் கரைந்துபோனோம். இங்கே நம்மை எடுக்கப்போய் ஊர் பதிந்துவிட்டது. கணக்கு நேராகிவிட்டது!

வேங்கிக்காலுக்கு இது வெறும் ஏக்க சமாசாரம் இல்லை. 1989 செப்டம்பர் 30-ல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்து, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று உண்டாக்கினார்கள். மாவட்டத்தின் தலைமை அலுவலகங்கள் வேங்கிக்காலுக்கு வந்தன. பின்னாலேயே ஜெராக்ஸ் கடை, பத்திரம் எழுதுகிறவர், மெஸ், மனை விற்பனை போர்டு எல்லாம் வந்தன. கரை எதுவரை இருந்தது, கால்வாய் எந்தப் பக்கம் ஓடியது, எந்த மரம் எங்கே நின்றது என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், சர்வே நம்பர் ஒன்று சொல்லும், ஊர்ப் பெரியவர் ஒன்று சொல்வார். அந்த நேரத்தில், 1978-ல் ஏரிக்கரையில் நின்று எடுத்துக்கொண்ட ஒரு கல்யாண ஜோடியின் போட்டோ வெளியே வந்தால், வாய்தா வாங்குகிற வக்கீலும் கொஞ்சம் குனிந்துதான் பார்ப்பார்.

பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தவர்களும் இதே ஊரில் உண்டு. அபுல் கலாம் ஆசாத் என்ற போட்டோகிராபர், கொச்சி மட்டாஞ்சேரிக்காரர், திருவண்ணாமலையில் 'ஏகலோகம்' என்று ஓர் அறக்கட்டளை வைத்துக்கொண்டு, 2014-15-ல் 'புராஜெக்ட் 365' என்று ஒன்றை நடத்தினார். பல போட்டோகிராபர்கள் சேர்ந்து, ஒரு வருஷம் முழுக்க இந்த ஊரின் அன்றாடத்தைப் பதிவு செய்தார்கள். தீபத்தன்று மட்டும் கேமராவோடு ஓடிவருகிற ஊருக்கு, மீதி 364 நாளும் இருக்கிறது என்று யாருக்காவது தோன்றியதே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

கிரிவலப் பாதையில் இன்று கேமராவுக்குப் பஞ்சமில்லை. காவி கட்டியவர் யார் உட்கார்ந்திருந்தாலும் முகத்துக்கு நேராகப் போனை நீட்டுகிறோம். சிலர் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொள்கிறார்கள். சிலர் 'நூறு ரூபா குடு' என்கிறார்கள். கேட்டால் நமக்குக் கோபம் வேறு! ஹூப்பர் படத்தில் இருந்தவர்களுக்கு அப்படிக் கேட்கிற தெம்பு இல்லை. இவர்களுக்கு இருக்கிறதே என்று நான் சந்தோஷப்படுவேன்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பரணில் இருக்கிற ஆல்பத்தை இறக்குங்கள். அம்மா, அத்தை, பெரியப்பா என்று விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படமாகக் கழற்றி, பின்பக்கம் ஊர், வருஷம், நிற்கிறவர்கள் பெயர், பின்னால் தெரிகிற கிணறு யாருடையது என்பதுவரை எழுதிவையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மை அடுத்த படத்தில் ஒட்டும். மெத்தென்ற பென்சிலால், மெதுவாக எழுதுங்கள்.